சியூவெனுக்கு வராத கடிதங்கள்

அத்தியாயம் 14

ஃபேக்ஸ் இயந்திரம் துப்பிய இரண்டு தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு சியூவென் நின்ற இடத்தில்தான் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள்.

ஒருமுறை படித்தது போதாமல் மறுபடியும் படித்தாள். முதல் தாள் ஹாலந்து வாடிக்கையாளர் ரூலோஃப் அனுப்பியது. நாளை வியாழக்கிழமை காலை தாய்பெயில் இறங்குகிறார். மதியம் மூன்று மணிக்கு ஃபெங்யுவானில், லியாவ் தொழிற்சாலையில் இருப்பார். சைக்கிளில் மாட்டும் மடக்கும் பெடலுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். யாரோடு? அவள் தம்பி மிங்சுவானோடு. 'உங்கள் முடிவு எனக்கு வருத்தம்தான், ஆனாலும் மதிக்கிறேன்' என்று கடைசியில் ஒரு வரி.

இரண்டாம் தாள்தான் விஷம். 'நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகல் இது, கோப்புக்காக' என்று மேலே எழுதியிருந்தார் அந்த மனிதர். செப்டம்பர் பன்னிரண்டு தேதியிட்ட கடிதம்.

'குழந்தை பிறந்த பிறகு என் மனம் மாறிவிட்டது. இனி வீட்டிலிருந்து குழந்தையைக் கவனிக்கப் போகிறேன். பெடல் தொடர்பான எல்லாவற்றையும் என் தம்பி மிங்சுவானிடம் ஒப்படைக்கிறேன். அதை வடிவமைத்ததில் பெரும்பங்கு அவருடையதே. இப்படிக்கு, லியாவ் சியூவென்.'

சியூவென் அப்படி ஒரு கடிதம் எழுதவில்லை. எழுதுவதாகக் கனவுகூடக் கண்டதில்லை. அந்தப் பெடலுக்கு அவள் கொடுத்தது நான்கு வருடம். பதினொரு மாதிரிகள் உடைந்தன. பன்னிரண்டாவதை ஏழு மாத வயிற்றோடு சோதனை மேடை அருகே நின்று, இரண்டு லட்சம் தடவை மடங்கி நிமிர்வதை எண்ணி முடித்தபோது மேஸ்திரிகள் கைதட்டினார்கள். அந்தப் பெடலைத்தான் யாரோ ஒரு கடிதத்தில் தூக்கித் தம்பி மடியில் போட்டிருக்கிறார்கள்.

உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் எரிந்தது. தாள்களை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு விற்பனைப் பிரிவுக்கு நடந்தாள்.

மிங்சுவான் பம்ப்ளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தான். நிலா விழாவுக்கு வந்த பழங்கள் ஒரு வாரமாக எல்லார் மேசையிலும் உருண்டுகொண்டிருந்தன. அக்காவைப் பார்த்ததும் ஒரு சுளையை நீட்டினான்.

"இந்தா அக்கா, இது நல்ல இனிப்பு."

"இதப் படி. சத்தமாப் படி."

வாங்கிப் பார்த்தான். இரண்டாவது வரிக்கு வந்ததும் அவன் காதுமடல் சிவந்தது.

"அக்கா, மொதல்ல கதவச் சாத்து."

"சாத்த மாட்டேன். எல்லாரும் கேக்கட்டும். என் பேர்ல கடிதம் எழுதினப்ப இருந்த தைரியம் இப்ப எங்க போச்சு?"

விற்பனைப் பெண்கள் இருவரும் அவசரமாக ஏதோ தட்டச்சு செய்வதுபோல் குனிந்துகொண்டார்கள்.

"நீதான் ஒத்துக்கிட்டியே!" என்றான் மிங்சுவான்.

"நானா? எப்ப?"

"அப்பா சொன்னாரு. அக்கா வீட்டோட இருக்கப் போறா, அவகிட்ட பேசியாச்சு, ரூலோஃபுக்கு அவ பேர்லயே ஒரு வரி எழுதிப் போட்டுடு, அவளுக்கு இங்கிலீஷ்ல எழுத எங்க நேரம்னாரு."

"அப்பா கெணத்துல குதின்னா குதிச்சிடுவியா? ஒரு எட்டு வந்து என்கிட்ட கேட்டா கால் தேஞ்சிடுமா? என் மேசை இங்கேருந்து இருபதடி."

"நீ குழந்தை பெத்துட்டு வந்ததுலேருந்து எரிஞ்சு எரிஞ்சு விழற. யாரு பக்கத்துல வருவா?"

"எரிஞ்சு விழறேனா? அந்த 'பெரும்பங்கு' யாரோடது? அதையும் அப்பாவா சொன்னாரு?"

மிங்சுவான் பழத்தோலைப் பொறுக்கினான். அந்த வரி அவனுடைய சொந்தச் சரக்கு என்பது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

"சொல்லு. அந்தப் பெடல்ல நீ செஞ்ச பங்கு என்ன? பெட்டி மேல ஸ்டிக்கர் ஒட்டினதா?"

ஒரு தட்டச்சுப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்து இருமலாகப் போனது. மிங்சுவானுக்குச் சுரீரென்றது.

"சரி, உனக்கு இஷ்டமில்லன்னே வெச்சுக்குவோம். அப்ப உன் மெயிலெல்லாம் எனக்கு வர்றத ஏன் நிறுத்தல? நீ வேலைக்குத் திரும்பி மூணு வாரம் ஆச்சு. இன்னிக்குக் காலைல வரைக்கும் எனக்குத்தான் வருது. வேணாம்னா நிறுத்தியிருப்பேல்ல? நிறுத்தலங்கவும் அப்பா சொன்னது சரின்னு நெனச்சேன்."

சியூவென் அவன் மேசை மேல் குனிந்தாள். "இன்னுமா வருது?"

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். வரிசையாக அவள் பெயர். நாற்பத்தொரு கடிதங்கள். ஹாலந்திலிருந்து, ஒஸாகாவிலிருந்து, கல்லூரித் தோழியிடமிருந்து. 'குழந்தைக்கு என்ன பெயர் வைத்தாய்? ஏன் பதிலே இல்லை?' என்று ஒன்று. செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து அவள் தன் மேக்கின்டோஷ் கணினியைத் திறந்து திறந்து வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்தில் உலகம் என்னை மறந்துவிட்டது என்று ஒரு நாள் கழிவறையில் போய் அழவும் செய்தாள். மறந்தது உலகம் இல்லை. கடிதமெல்லாம் இருபதடி தள்ளி, பம்ப்ளிமாஸ் தோலுக்குப் பக்கத்தில் குவிந்திருக்கிறது.

கடிதம் தம்பி பக்கம் திரும்பிய கதை வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஜூலை எட்டாம் தேதி குழந்தை பிறந்தது. மறுநாளே அம்மா சட்டம் போட்டுவிட்டாள். ஒரு மாதம் தலைக்குக் குளிக்கக் கூடாது. காற்றில் நிற்கக் கூடாது. அழக் கூடாது. படிக்கக் கூடாது. கணினித் திரையா? பச்சை உடம்போடு அதைப் பார்த்தால் நாற்பது வயதில் கண் அவிந்துவிடும்! எள்ளெண்ணெயும் இஞ்சியும் போட்ட கோழியை மூன்று வேளையும் ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். 'மெயில் வந்தா?' என்று மகள் கேட்டதற்கு, 'தம்பி எதுக்கு இருக்கான்?' என்றாள். மாப்பிள்ளை போயானைக் கூப்பிட்டு, ஒரு கடிதம்கூட அவள் பெட்டியில் தங்கக் கூடாது, தங்கினால் எழுந்து ஓடி வருவாள் என்று கண்டிப்பாகச் சொன்னாள். போயானும் அப்படியே திருப்பிவிட்டான். குழந்தையின் பெயரைப் பதிவு அலுவலகத்தில் பதிய கையெழுத்துக்குப் பதிலாக இடும் சியூவெனின் பெயர் முத்திரையை எடுத்துக்கொண்டு அந்த ஜூலை வெயிலில் அலைந்தவளும் அம்மாதான். மகராசி, எதையும் அடுத்தவர் தலையில் கட்டாமல் தானே செய்தாள்.

ஆனால் அது ஒரு மாதத்து ஏற்பாடு. பிறகு அம்மா கெஞ்சி அதை இரண்டு மாதம் ஆக்கினாள். சியூவென் வேலைக்குத் திரும்பும் முன்பே அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டதாகப் போயான் சொன்னான். கட்டின புருஷன் சொன்னான், நம்பினாள்.

"இந்த நாப்பத்தொண்ணுல ஒண்ணக்கூட அழிச்சிடாதே" என்றாள் தம்பியிடம். "அழிச்சே, நாளைக்கு ரூலோஃப் முன்னாடியே உன் காதப் புடிச்சு இழுப்பேன்."

சர்வர் அறை என்பது பழைய வண்ணப்பூச்சு அறை. இப்போதும் லேசாக தின்னர் வாசம் அடிக்கும். தொழிற்சாலையிலேயே குளிர்சாதனம் நன்றாக வேலை செய்கிற ஒரே அறை. காரணம், அங்கே இருப்பது மனிதர்கள் இல்லை, யூனிக்ஸ் இயந்திரம். ஊர் உலகத்துக் கடிதமெல்லாம் முதலில் அதற்குத்தான் வரும். அங்கிருந்து வடிவமைப்புப் பிரிவின் மேக்கின்டோஷுக்கும் விற்பனைப் பிரிவின் விண்டோஸ் கணினிகளுக்கும் பிரிந்து போகும். மூன்றும் மூன்று விதம், ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. நடுவில் உட்கார்ந்து அவற்றைப் பேச வைத்தவன் போயான். மாமனார் வீட்டு மனிதர்களோடு பேசுவதைவிட அது அவனுக்கு எளிதாக இருந்தது.

"நீ எடுத்துட்டேன்னு சொன்னியே, அது பொய்யா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

போயான் நாற்காலியைத் திருப்பினான். "எத?"

"என் மெயில. தம்பிக்குப் போறத."

"அத ஆகஸ்ட் இருபத்தொம்பதே எடுத்துட்டேனே. வெள்ளிக்கிழமை. என் கையால அழிச்சேன்."

"அப்ப இன்னிக்குக் காலைல வரைக்கும் அவனுக்கு எப்படிப் போகுது? காத்துல பறந்து போகுதா?"

"இருக்கவே முடியாது."

"மூணு வாரமா என் பெட்டி காலியா இருக்குன்னு உன்கிட்ட எத்தன தடவ சொன்னேன்? நாலு தடவ! ஒவ்வொரு தடவையும் இதேதான். 'இருக்கவே முடியாது, நானே அழிச்சேன்.' ஒரு தடவ, ஒரே ஒரு தடவ திறந்து பாத்தியா?"

"நான் அழிச்சது எனக்குத் தெரியாதா?" என்றான் அவனும் குரலை உயர்த்தி.

இந்தக் கணினிக்காரர்களிடம் இதுதான் கோளாறு. இயந்திரத்தைச் சந்தேகிப்பார்கள், ஊரைச் சந்தேகிப்பார்கள், தங்கள் கையை மட்டும் சந்தேகிக்க மாட்டார்கள். சியூவென் ஃபேக்ஸ் தாளை அவன் மடியில் எறிந்தாள்.

படித்தான். முகம் வெளுத்தது. விசைப்பலகைப் பக்கம் திரும்பினான். அவள் பெயரில் இருக்கும் கோப்புகளை வரிசையாகக் காட்டச் சொன்னான். கண்ணுக்குத் தெரியாத கோப்புகளையும் சேர்த்து.

அது இருந்தது. ஒரே வரி. சியூவெனுக்கு வரும் எதையும் மிங்சுவானுக்கு அனுப்பு.

"நான் அழிச்சேன், சியூவென். சத்தியமா."

"இருக்கே!"

"இரு, இரு. இது நான் எழுதினது இல்ல." போயான் வரியின் கடைசியைத் தொட்டுக் காட்டினான். அங்கே ஒரு சின்னக் கூரைக் குறியும் எம் என்ற எழுத்தும் ஒட்டிக்கொண்டிருந்தன. "இதப் பாரு. வரி முடியற இடத்துல இந்த வால். நான் இங்கேயே உக்காந்து எழுதினா இது வராது. உன் மேக்ல எழுதினாலும் இப்படி வராது. விண்டோஸ்ல எழுதிச் சேமிச்சா மட்டும்தான் இந்த வால் வரும். இந்த மெஷின் அதக் கண்டுக்காம கடிதத்த அனுப்பிடுது. ஆனா வால் அப்படியே நிக்கும்."

"விண்டோஸா? அப்ப அவன்தான். என் மூஞ்சிக்கு நேரா என்னமா நடிச்சான்!"

அவள் எழுந்துவிட்டாள். போயான் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"தேதியப் பாரு. ஆகஸ்ட் முப்பது, சனிக்கிழமை, காலைல பத்து நாப்பது. மிங்சுவான் அன்னிக்கு எங்க இருந்தான்?"

ஜெர்மனியில். சைக்கிள் கண்காட்சியில். அங்கிருந்து சாசேஜ் பொட்டலம் வாங்கி வந்து ஊரெல்லாம் கொடுத்தான். விற்பனைப் பிரிவே அவனோடு போயிருந்தது. அந்த அறை பூட்டிக் கிடந்தது.

"அப்ப வேற எந்த விண்டோஸ்?" என்று கேட்டாள்.

எந்தக் கணினி எப்போது உள்ளே வந்தது என்று யூனிக்ஸ் தனக்குத்தானே குறித்துவைக்கும் பட்டியலைப் போயான் திறந்தான். சனிக்கிழமை பத்து முப்பத்தைந்துக்கு, சியூவெனின் பெயரிலும் அவளுடைய ரகசியச் சொல்லிலும், ஒரு கணினி வந்து போயிருந்தது. கணினியின் பெயர்: தலைவர் அறை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பாவுக்கு அத ஆன் பண்ணவே தெரியாதே" என்றாள்.

அது தொழிற்சாலை முழுக்கத் தெரிந்த வேடிக்கை. மிங்சுவான் கௌரவத்துக்காக வாங்கி வைத்த கணினி அது. இரண்டு வருடமாகப் பிளாஸ்டிக் உறை கழற்றப்படவில்லை. கதிர்வீச்சை உறிஞ்சுமாம் என்று பக்கத்தில் ஒரு கள்ளிச்செடி. உறிஞ்ச ஒன்றும் கிடைக்காமல் அதுவே வாடிவிட்டது என்று பையன்கள் சிரிப்பார்கள்.

"எல்லார் பாஸ்வேர்டும் சிவப்பு உறைல அவர் பெட்டகத்துலதான் இருக்கு" என்றான் போயான் மெதுவாக. "நான்தான் எழுதிக் குடுத்தேன். அவசரத்துக்குன்னு கேட்டாரு."

"வா, போய்க் கேப்போம்."

அவன் நகரவில்லை. "நான் வந்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். வீட்டோட மாப்பிள்ளை வாயத் தெறக்கிறான்னு..."

"வாயத் தெறக்கலன்னாலும் அதத்தான் சொல்றாங்க. நாலு தடவ சொன்னேன் உன்கிட்ட. ஒரு தடவ பாத்திருந்தா அந்தக் கடிதமே போயிருக்காது. அந்தப் பாவத்துக்காவது என் பின்னாடி வா."

போயான் எழுந்து வந்தான்.

பன்னிரண்டரை மணி. விளக்குகள் அணைந்தன. சோற்றுப் பெட்டிகள் மூடப்பட்டன. இன்னும் ஒரு மணி நேரம் லியாவ் தொழிற்சாலை தூங்கும். கணக்கர், தட்டச்சுப் பெண்கள், கிடங்குக்காரர் எல்லாரும் சின்னத் தலையணையை மேசையில் போட்டு அதில் முகம் புதைத்துவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் இடி விழுந்தாலும் அது பதமாகத்தான் விழவேண்டும். தூங்குகிறவரை எழுப்பியவன் தலைவரின் மகனாகவே இருந்தாலும் முணுமுணுப்பு வாங்காமல் தப்ப முடியாது.

தலைவரின் அறைக்கும் தூங்குகிறவர்களுக்கும் நடுவில் இருந்தது அரைக் கண்ணாடித் தடுப்பு மட்டும்தான்.

பெரியவர் லியாவ் தூங்குவதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் செய்தித்தாளை நீட்டிப் பிடித்திருந்தார். அறுபத்தாறு வயது. வலது கைச் சுண்டுவிரலில் பாதி கிடையாது, பதினாலு வயதில் கடைசல் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார்.

சியூவென் நேராகக் கணினியிடம் போனாள். பிளாஸ்டிக் உறையை உருவினாள். உறை மேல் தூசி இருந்தது. உள்ளே விசைப்பலகையில் தூசி இல்லை. சில எழுத்துகள் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருந்தன.

"ஆகஸ்ட் முப்பது, சனிக்கிழமை, பத்து நாப்பது" என்றாள். கத்தவேண்டும் போலிருந்தது. கத்த முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "நீங்கதானே?"

பெரியவர் செய்தித்தாளை நிதானமாக மடித்தார். மகளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் நின்ற மருமகனைப் பார்த்தார்.

"ஆமா. நான்தான்."

இல்லை என்று சொல்வார், கோபப்படுவார், அந்தச் சனியனைத் தொடக்கூட மாட்டேன் என்பார் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு அந்த நிதானம் கன்னத்தில் அறைந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்று போயான் கேட்டுவிட்டான். அவனால் அடக்க முடியவில்லை.

"நீதான் மாப்ள" என்றார் பெரியவர், அதே கிசுகிசுப்பில். "பதிமூணு வயசுல ஜப்பான்காரன் பட்டறைக்குப் போனேன். எவனும் எனக்குச் சொல்லித் தரல. டீய எடுத்துக்கிட்டு மேஸ்திரி முதுகுக்குப் பின்னாடி நின்னு கையப் பாத்தேன். ரெண்டு வருஷத்துல அவர விட நல்லாக் கடைஞ்சேன். நாலு வருஷமா உன் முதுகுக்குப் பின்னாடி டீயோட நிக்கிறேனே, பொழுதுபோகாம நிக்கிறேன்னு நெனச்சியா? நீ ரொம்ப மெதுவா தட்டற. பாக்கறதுக்கு வசதி."

அவர் எத்தனை நாள் அப்படித் தேநீர்க் குவளையோடு வந்து நின்றிருக்கிறார்! 'தலைவர் காத்து வாங்க வந்துட்டாரு' என்று அவர்கள் எத்தனை தடவை சிரித்திருக்கிறார்கள்! போயான் தரையைப் பார்த்தான்.

"அத விடுங்க" என்றாள் சியூவென். "என் கடிதத்த ஏன் திருடினீங்க?"

"திருட்டுன்னு சொல்லாத. என் தொழிற்சாலைக்கு வர்ற கடிதம்."

"என் பேருக்கு வர்ற கடிதம்!"

வெளியே யாரோ புரண்டார்கள். மூவரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். குறட்டை மறுபடியும் கிளம்பியதும் அவள் மேசை மேல் குனிந்தாள்.

"நான் வீட்டோட இருக்கேன்னு உங்ககிட்ட எப்ப சொன்னேன்?"

"சொல்லல. சொல்லியிருக்கணும். பொண்ணப் பெத்தவ வீட்ல இருக்கறதுதான் முறை."

"அப்ப பெடல்?"

"பெடல் எங்க போகுது? இங்கதான் இருக்கும். மிங்சுவான் பேர்ல இருக்கும். நாளைக்கு நான் கண்ண மூடினா எவனாவது வந்து இது யாரோடதுன்னு கேப்பான். லியாவ் மகனோடதுன்னு சொன்னா தொழிற்சாலை நிக்கும். லியாவ் மகளோடதுன்னு சொன்னா, அவ எந்த வீட்டுப் பொண்டாட்டின்னு அடுத்த கேள்வி வரும். கட்டிக் குடுத்த பொண்ணு கொட்டின தண்ணி. இது நான் எழுதின சட்டமா?"

போயான் வீட்டுக்காரர்கள் ஒரு நாள்கூட இந்த வாசலை மிதித்ததில்லை. அவனே தன் பெற்றோரைப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறை புத்தாண்டுக்குத்தான் போகிறான். அது பெரியவருக்கும் தெரியும்.

"கொட்டின தண்ணியா?" சியூவெனின் குரல் உயரவில்லை. "சரி. அந்தத் தண்ணியிலதான்ப்பா நாலு வருஷமா உங்க தொழிற்சாலை சோறு பொங்குது. உங்க மகன் அந்தப் பெடலப் பிரிச்சா திரும்ப மாட்டத் தெரியாது. நாளைக்கு ரூலோஃப் கேப்பாரு, மடங்கற எடத்துல இந்த ஊசிய ஏன் சாய்வா வெச்சீங்கன்னு. உங்க மகன் என்ன சொல்லுவான்? அப்பா சொன்னாருன்னா?"

பெரியவர் மடித்த செய்தித்தாளை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். அவருக்குத் தெரியும். அந்த ஊசியைச் சாய்வாக வைக்கலாம் என்று அவரிடம் விவாதித்து, அவர் முடியாது என்று சொல்லி, அவள் வைத்துக் காட்டியது அவருக்கு நன்றாகவே தெரியும். அதற்காக ஒரு நாள் அவர் மனதுக்குள் பெருமைப்பட்டதும் உண்டு. வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நீங்க போட்டதுதானே? நீங்களே எடுங்க" என்றாள். "என் கண்ணு முன்னாடி. உங்க கையால."

"எடுக்கறேன். ரெண்டு மணிக்கு மேல எடுக்கறேன்."

"ஏன், ரெண்டு மணிக்கு என்ன?"

"சொல்றேன்ல. ஒரு மணி நேரம் பொறு."

சியூவென் அவர் முகத்தையே பார்த்தாள். இவ்வளவு நேரம் கல்லாக இருந்த மனிதர் இப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். வரப்போவது என்னவோ, அது தம்பி பெட்டியில் விழவேண்டும், தன் பெட்டியில் விழக் கூடாது. அது மட்டும் அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது.

"இப்பவே" என்றாள். "இல்லன்னா இங்கேயே நின்னு கத்துவேன். தூங்கறவங்க எல்லாரும் எழுந்து வரட்டும். தலைவர் மக கடிதத்தத் திருடினாருன்னு எல்லாரும் கேக்கட்டும்."

வாயைத் திறந்து மூச்சை இழுக்கவும் செய்தாள். பெரியவர் கையை உயர்த்தினார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரை நீலமாக விழித்தது. பாதி விரல் போன அந்தக் கை, ஒரே ஆள்காட்டி விரலால், ஒவ்வொரு எழுத்தாக, தப்பே இல்லாமல் மகளின் ரகசியச் சொல்லைத் தட்டியது. அந்தச் சொல் அவள் பெண்ணின் செல்லப் பெயர். பிரசவத்துக்கு முன்பே வைத்துக்கொண்டது. அது அப்பாவின் விரலில் புரள்வதைப் பார்க்க அவளுக்கு உடம்பு கூசியது.

கோப்பு அழிந்தது. போயான் குனிந்து பார்த்துத் தலையசைத்தான். இந்தத் தடவை இரண்டு முறை பார்த்தான்.

ஒன்றரை மணிக்கு மணி அடித்து விளக்குகள் எரிந்தன. கன்னத்தில் தலையணைக் கோடுகளோடு ஆட்கள் நிமிர்ந்தார்கள். தலைவர் அறையில் மூவர் நிற்பதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் தேநீருக்குத் தண்ணீர் பிடிக்கப் போனார்கள்.

சியூவென் தன் மேசைக்கு வந்து மேக்கின்டோஷ் முன்னால் உட்கார்ந்தாள். பெட்டி காலி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தாள். காலி. காலி.

இரண்டு மணி மூன்று நிமிடத்துக்கு ஒரு கடிதம் வந்து விழுந்தது. இரண்டரை மாதத்தில் அவள் பெட்டிக்கு வந்த முதல் கடிதம்.

தாய்பெயிலிருந்து, தொழிற்சாலையின் காப்புரிமை வேலைகளைப் பார்க்கும் முகவர் எழுதியிருந்தார்.

'மடக்கும் பெடல் மனுவில் வடிவமைத்தவர் பெயரை லியாவ் சியூவென் என்பதிலிருந்து லியாவ் மிங்சுவான் என்று மாற்றக் கோரும் உங்கள் படிவம், உங்கள் முத்திரையுடன் கிடைத்தது. தலைவரிடம் சொல்லியிருந்தபடி இரண்டு மணிக்கு இதை அனுப்புகிறேன். இன்று மாலை ஐந்து மணிக்குத் தாக்கல் செய்கிறோம். மனம் மாறியிருந்தால் அதற்கு முன் அதே முத்திரையிட்ட மறுப்பை ஃபேக்ஸில் அனுப்பவும்.'

கீழே படிவத்தின் நகல். திரையில் அது இறங்க ஒரு யுகம் ஆனது. மேலிருந்து கீழாக, கோடு கோடாக வந்தது. கடைசியில் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் அவள் பெயர். இடது ஓரத்தில் ஒரு சின்ன உடைசல். கல்லூரி முடித்த வருடம் கீழே போட்டு உடைத்தது. அவளுடைய முத்திரையேதான்.

மேசையின் இழுப்பறையைத் திறந்தாள். முத்திரை வைக்கும் பட்டு உறை எப்போதும் இருக்கும் மூலை வெறுமையாக இருந்தது. அது எப்படி அங்கே இருக்கும்? ஜூலையில், தலைக்குக் குளிக்காமல், அழாமல், படிக்காமல் அவள் கட்டிலில் கிடந்தபோது, குழந்தையின் பெயரைப் பதிய வேண்டும் என்று அம்மா கேட்டு வாங்கிப் போனது திரும்பி வரவே இல்லை. அவளும் கேட்கவில்லை. மூன்று வேளையும் ஊட்டிவிட்ட கையிடம் கணக்குக் கேட்க யாருக்குத்தான் தோன்றும்?

அப்பாவிடமும் தம்பியிடமும் காலையிலிருந்து கொதித்த கொதிப்பு அப்படியே உறைந்தது. அவர்கள் மேல் கோபப்பட அவளால் முடிந்தது. இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

தொலைபேசியை எடுத்து வீட்டு எண்ணைச் சுழற்றினாள். சுவரில் இரண்டு மணி பதினொரு நிமிடம்.

மறுமுனையில் எடுத்தார்கள். பின்னால் குழந்தை சிணுங்கியது. யாரோ அதைத் தோளில் போட்டுத் தட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா" என்றாள் சியூவென். "என் முத்திரை எங்க?"

தட்டும் சத்தம் நின்றது. குழந்தை அழ ஆரம்பித்தது. அழுகை ஏறிக்கொண்டே போயிற்று.

"அம்மா, கேக்குதா? அஞ்சு மணிக்குள்ள எனக்கு அது வேணும். எங்க இருக்கு?"

வெகுநேரம் கழித்து அம்மாவின் குரல் வந்தது. தினமும் கேட்கிற அதே குரல்.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள்.